விழாத கோல்களின் கணக்கு

2023 ஜூன் மாதத்தில் ஏசி மிலான் கழகம் தன் தொழில்நுட்ப இயக்குநர் பாவ்லோ மால்டினியைப் பதவியிலிருந்து நீக்கியது. அதற்கு ஓராண்டு முன்புதான் அக்கழகம் 11 ஆண்டு இடைவெளிக்குப் பின் இத்தாலிய லீக் பட்டத்தை வென்றிருந்தது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் எழும் சங்கடமே இதை எழுதத் தூண்டியது.

கால்பந்தை அதிகம் பின்தொடராத வாசகருக்குச் சில தகவல்கள். 1985 ஜனவரியில், 16 வயதில் மிலானுக்காகக் களமிறங்கிய மால்டினி, 2009இல் ஓய்வுபெறும் வரை வேறு கழகத்தின் சட்டையை அணிந்ததில்லை. 902 ஆட்டங்கள், 7 லீக் பட்டங்கள், 5 ஐரோப்பியக் கோப்பைகள். 1963இல் மிலானின் தலைவராக அவர் தந்தை செசாரே பெற்ற ஐரோப்பியக் கோப்பையை, சரியாக 40 ஆண்டுகள் கழித்து மகனும் தலைவராகவே பெற்றார்.

எண்களை விட அவர் ஆடிய விதமே நம்மைக் கவர்ந்தது. தடுப்பாட்டக்காரர் என்றதும் தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பவர் நினைவுக்கு வருவார். மால்டினி அரிதாகவே விழுந்தார். பந்து வரவிருக்கும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றிருப்பார். எதிரணி வீரர் வழியில்லையென்று கண்டு பந்தைப் பின்னுக்கு அனுப்பிவிடுவார். அவ்வளவுதான். தொலைக்காட்சி அதை மறுபடி காட்டாது. 2005இல் இஸ்தான்புல் இறுதியாட்டத்தின் முதல் நிமிடத்திலேயே அவர் ஒரு கோல் அடித்தார். அதைப் பலமுறை காட்டினார்கள். அந்த ஆட்டத்தில் மிலான் 3-0 என்ற முன்னிலையைப் பறிகொடுத்துத் தோற்றது என்பது வேறு கதை.

ஓய்வுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் மிலானில் அவருக்கு வேலை இருக்கவில்லை. (இடையில் 2017இல், 49 வயதில், தொழில்முறை டென்னிஸ் போட்டியொன்றில் இரட்டையர் ஆட்டம் ஆடித் தோற்றார்!) 2018இல் எலியட் நிதி நிறுவனம் கழகத்தைக் கைப்பற்றியபோது நிர்வாகத்துக்கு அழைக்கப்பட்டார். தியோ எர்னாண்டசை நேரில் சந்தித்துப் பேசி அழைத்துவந்தார். ரஃபேல் லியாவோ, பென்னாசர் ஆகியோர் வந்ததும் அதே 2019இல்தான்.

ஆனால் நிர்வாகியாக அவருடைய தரத்தைக் காட்டியது அவர் வாங்கியவர்கள் மட்டுமல்லர். 2021இல், மிலானின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்த இளம் கோல்காப்பாளர் தொன்னரும்மா புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. கழகம் தன் வரம்பைத் தாண்டவில்லை. அவர் கட்டணம் எதுவுமின்றி விலகிப் போனார். அவர் இடத்துக்கு லீல் கழகத்திலிருந்து மைக் மென்யான் வந்தார். அடுத்த பருவத்தில் லீக்கின் சிறந்த கோல்காப்பாளர் என்ற விருதும் பெற்றார். அந்தப் பருவத்தின் பட்டம் மிலானுக்கு. பொறுத்திருந்து, இடம் தவறாமல் நிற்பது. களத்தில் செய்ததையே மேசையிலும் செய்தார் என்பது நம் வாசிப்பு.

மறுதரப்பு வாதமும் உண்டு, அது வலுவானதே. 2022இல் 3 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்து வாங்கிய தெ கெத்தலாரே அந்தப் பருவம் முழுவதும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதே ஆண்டு 120 கோடி யூரோ கொடுத்துக் கழகத்தை வாங்கிய ரெட்பேர்ட் நிறுவனத்துக்கு அது உறுத்தியிருக்கும். தரவுப் பகுப்பாய்வுக்கும் கூட்டு முடிவுக்கும் முதலிடம் தர அவர்கள் விரும்பினார்கள் என்று பரவலாக எழுதப்பட்டது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரிடம் தோற்ற மூன்று வாரங்களில் அவர் வெளியேற்றப்பட்டார்.

தரவுக்கு நாம் பகைவரல்லர். ஒரு தவறான கொள்முதல் எவ்வளவு நட்டம் என்று அது துல்லியமாகச் சொல்லிவிடும். வாங்காமல் விட்ட ஆட்டக்காரருக்கும், இணங்காமல் விட்ட பேரத்துக்கும் எந்தப் பத்தியில் வரவு வைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடாமலேயே ஒருவரை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் நம் குறை. அவர் போன அடுத்த மாதமே, சிறுவயதிலிருந்து மிலான் ரசிகரான தொனாலி நியூகாசிலுக்கு விற்கப்பட்டார். 2024-25 பருவத்தில் மிலான் எட்டாம் இடத்தில் முடித்தது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நாம் சாதிக்கவில்லை.

2009இல் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தின் முடிவில், ரசிகர்களில் ஒரு சாரார் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அவர்களையும் அவர் குளிர்வித்ததில்லை, முதலாளிகளையும் இல்லை. அவர் அணிந்த 3ஆம் எண் சட்டையைக் கழகம் இன்னும் யாருக்கும் தரவில்லை. மகன்களில் ஒருவர் கேட்டால் மட்டும் தருவதாக ஏற்பாடு. மிலானுக்கு ஆடிய மகன் டேனியல் 27ஆம் எண்ணை அணிந்தார். 2024இல் அவரும் வேறு கழகத்துக்குப் போய்விட்டார்.