பால்-ரொட்டி எல்லாக் குழந்தைக்கும் ஆகாது!

ஆபரேசன் முடிந்துவிட்டது. குழந்தையின் தொண்டையில் தொல்லை கொடுத்த டான்சில் சதையை டாக்டர் அகற்றிவிட்டார். "கொஞ்ச நாளைக்கு மெதுவான ஆகாரமாகக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உடனே என்ன நடக்கும்? அத்தை ரொட்டி வாங்கி வருவாள். மாமா பிஸ்கட் பொட்டலத்தோடு வருவார். பக்கத்து வீட்டு அம்மாள் மால்ட் மாவுப் புட்டியை நீட்டுவாள். "பாலில் ஊறவைத்துக் கொடு. தானாக இறங்கிவிடும்" என்பார்கள்.

எல்லாம் அன்புதான். ஆனால் கட்டிலில் படுத்திருப்பது 'சீலியாக்' நோய் உள்ள குழந்தை என்றால்? தொண்டைக்கு இதமான அந்த ரொட்டி, குடலுக்குக் கேடாக முடியும்!

அது என்ன நோய்?

கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடுகிறது அல்லவா? அந்தப் பசைத் தன்மையைக் கொடுக்கும் புரதத்துக்குக் குளுட்டன் என்று பெயர். பார்லியிலும் இந்த வகைப் புரதம் உண்டு.

நமது சிறுகுடலின் உள்பக்கம், வெல்வெட் துணியைப் போல நுண்ணிய விரல்கள் நிறைந்தது. சாப்பாட்டில் உள்ள சத்தை உறிஞ்சுவது அந்த விரல்கள்தான். சீலியாக் உள்ளவர்கள் குளுட்டனைச் சாப்பிட்டால், நோய்க் கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படை, இந்த விரல்களையே தாக்குகிறது. பிறகு எதைத் தின்றாலும் சத்து ஒட்டாது. வயிறு உப்பும். ரத்த சோகை வரும். பிள்ளையின் வளர்ச்சி குன்றும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நெதர்லாந்து நாட்டின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமைமீது அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரின் நடுவே, அந்த நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்தது, நோயும் திரும்பியது. 1950-ல் அவர் தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்றும் இந்த நோய்க்குக் கைகண்ட வைத்தியம் ஒன்றுதான்: ஆயுள் முழுவதும் குளுட்டனை அடியோடு விட்டுவிடுவது.

நம் ஊரில் ஏன் தெரியவில்லை?

இந்தியாவில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோய் இருந்தது. தெற்கேயோ ஆயிரத்துக்கு ஒருவர்தான்.

குறைவு என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த ஒரு குழந்தைக்கு அதுவே ஆபத்து! நர்சும் பார்த்ததில்லை, உறவினரும் கேட்டதில்லை என்பதால், "கோதுமை ஆகுமா?" என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

"ஒரே ஒரு துண்டு தின்றான். ஒன்றும் ஆகவில்லையே!" என்று சிலர் வாதாடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் கெடலாம். ஆபரேசன் ஆன உடம்பு, புண் ஆறுவதற்குச் சத்தைக் கேட்கிறது. அந்த நேரத்தில், சத்தை உறிஞ்சும் குடலையே கெடுக்கலாமா?

பாட்டியின் பயம்

டான்சில் ஆபரேசனுக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் விழுங்க வலிக்கும். "காது வலிக்கிறது" என்றுகூடக் குழந்தை அழும். வலிக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவதுதான் பெரிய தொல்லை. அதனால்தான் டாக்டர்கள் ஐஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும்.

"ஐயோ, ஐசா? சளி பிடிக்குமே!" என்று பாட்டி பதறுவார். பதற வேண்டாம். இங்கே ஐசும் ஒரு மருந்துதான்.

கடை ஐஸ்கிரீம் என்றால் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். பிஸ்கட், கேக் கலந்தது வேண்டாம். கோன் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் கோதுமை மாவில் செய்தது. 'குளுட்டன் இல்லாதது' என்று விற்கும் பொருளில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்.

அதைவிடச் சுலபம், வீட்டிலேயே செய்வது. இளநீரைக் கிண்ணத்தில் உறையவைத்து, சுரண்டி, ஸ்பூனால் ஊட்டுங்கள். வாழைப்பழத்தைப் பாலில் மசித்தும் உறையவைக்கலாம். குச்சி மட்டும் வேண்டாம். அது தொண்டைப் புண்ணில் இடித்துவிடும்.

நமது அடுப்படியே துணை

சீமையிலிருந்து விலை உயர்ந்த டப்பா எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. அரிசியில் குளுட்டன் இல்லை. கேழ்வரகு, ஜவ்வரிசி, பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு எதிலும் இல்லை. குழைந்த தயிர் சோறு, பாலில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், ஆறவைத்த ஜவ்வரிசிப் பாயசம், கேழ்வரகுக் கஞ்சி. குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? சூடும் காரமும் புளிப்பும் இல்லாமல் கொடுத்தால் போதும்.

ஆனால் கோதுமை மாறுவேடம் போட்டு வரும்! ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையின் பிள்ளைகள். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. கடைப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகையிலும் கவனம் வேண்டும். கேழ்வரகை மில்லில் அரைக்கிறீர்களா? அதற்கு முன்னால் கோதுமை அரைத்த இயந்திரம் என்றால், அந்த மாவும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, நோய் இல்லாத பிள்ளைக்கும் கோதுமையை நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் தெரியாமல் போகலாம். இன்னொன்று: ஆபரேசன் ஆன குழந்தையின் வாயில் புது ரத்தம் தெரிந்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு சீட்டு போதும்

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. குழந்தையைச் சேர்க்கும்போதே, "எந்த உணவு ஆகாது?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிலை நோட்டில் எழுதி, சமையல் அறைக்கும் சொல்ல வேண்டும்.

பெற்றோரும் வெட்கப்படக் கூடாது. "வந்தவர்கள் மனம் கோணுமே" என்று நினைத்து வாயை மூடிக்கொண்டால், கஷ்டப்படுவது குழந்தை! கட்டிலின் தலைமாட்டில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "கோதுமை, ரொட்டி, பிஸ்கட், மால்ட் கொடுக்காதீர்கள்."

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால், ஒரு இளநீர் வாங்கிப் போங்கள். அதையும் குழந்தையின் தாயைக் கேட்டுவிட்டே கொடுங்கள். கேட்டுக் கொடுப்பதே உண்மையான அன்பு!