முதல் ஊசி நோயாளிக்கு வேண்டாம்

கழுத்துச் சிரையில் குழாய் செருகும்போது ஊசி முனை சற்று விலகினால் ஒட்டினாற்போல் ஓடும் தமனியில் குத்திவிடும். ஆழம் கூடினால் நுரையீரலைத் தொட்டுவிடும். அதனால்தான் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி செலுத்துகிறார்கள். ஒரு கையில் ப்ரோப், மறுகையில் ஊசி, கண் திரையில். மூன்றும் இணங்கிவரப் பலமுறை பழக வேண்டும். பயிற்சி மாதிரி இல்லாத இடத்தில் அந்தப் பழக்கம் நோயாளியின் உடம்பில்தான் நடக்கும். இதை நாம் இன்னும் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது.

விற்பனைக்கு வரும் மாதிரிகள் லட்சக்கணக்கில் விலை சொல்கின்றன. வேலைக்கோ சமையலறையே போதும். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, நுரையை வழித்து, இசப்கோல் உமி கலந்து ஃபிரிட்ஜில் உறைய விட வேண்டும். உமி சேர்க்காவிட்டால் திரை கறுப்பாகவே கிடக்கும். அதன் துகள்கள் ஒலியைச் சிதறடிப்பதால்தான் சதையின் சாம்பல் நிறம் வருகிறது. உள்ளே தண்ணீர் நிரப்பிய நீளப் பலூன் ரத்தக்குழாய், திராட்சை நீர்க்கட்டி. ஊசித்தடம் மிகுந்தால் உருக்கி மறுபடி ஊற்றலாம். சித்திரை வெயிலில் ஜெலட்டின் இளகும்; மண்டபம் கடலில் எடுக்கும் பாசியிலிருந்து காய்ச்சும் அகர் தாங்கும், ஆனால் எளிதில் விண்டுபோகும். இரண்டையும் செய்து பார்த்துத்தான் தேர வேண்டும்.

பலூனுக்குப் பதில் ரப்பர் குழாய் வைத்து, சிறு பம்பால் விட்டுவிட்டுத் தண்ணீர் தள்ளினால் தமனி துடிக்கும். 1937-லேயே மின் மோட்டார் செய்துகாட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊரில், பம்புக்கும் வார்ப்படத்துக்கும் பேர்போன கோவையில், இது ஒரு பட்டறைக்காரரின் அரைநாள் வேலை.

நோயைக் கண்டறிய இந்த ஜெலட்டின் மாதிரி கற்றுத்தராது. அதற்கு வலியில்லை, மூச்சில்லை. கையை மட்டும் பழக்கும்; அதுவே பெரிது.

பழக ஸ்கேன் இயந்திரமும் வேண்டும்; கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் அதைப் பதிவுக்குள் கட்டிவைத்திருக்கிறது. பெண் சிசுக்கொலையால் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த வட்டாரம் இது. அந்தக் கட்டு அவசியம். பதிவுபெற்ற அறையிலேயே, இயந்திரம் ஓய்ந்திருக்கும் மாலைகளில் பழகலாம்.

மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020 விதிகளே கூறின. 1966-ல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரி முதல் 2022-ல் திறந்த திருப்பூர், நாமக்கல் கல்லூரிகள் வரை, முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதுநிலை மாணவர்கள் சேரும் முதல் வாரத்திலேயே அவர்கள் கையாலேயே இந்த மாதிரியைக் காய்ச்சச் சொல்லுங்கள். அதில் கை தேறிய பிறகு வார்டுக்கு அனுப்புங்கள்.