ஃபோர்க்கைத் தொடாதே!

மவுண்டன் பைக் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற அறிவுரை ஒன்று உண்டு. "செயினுக்கு எண்ணெய் போடு, பிரேக்கை வேணா டைட் பண்ணிக்கோ, சஸ்பென்ஷன் ஃபோர்க்கை மட்டும் தொட்டுடாதே. அது எக்ஸ்பர்ட் வேலை." சொல்கிற ஆசாமி அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்பது தனிக்கதை :-)

சரி, இந்த அறிவுரையைக் கேட்டவர் ஃபோர்க்கை எக்ஸ்பர்ட்டிடம் கொண்டு போகிறாரா? அதுதான் இல்லை. கடை தூரம், கூலி அதிகம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று அப்படியே கிடக்கிறது. அடிப்பகுதியைக் கழற்றி எண்ணெய் மாற்ற ராக்ஷாக்ஸ் கம்பெனி சொல்லும் கணக்கு, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. வாரம் நாலு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு மூன்றே மாதத்தில் வந்துவிடும். வருஷத்துக்கு நாலு தடவை யாரய்யா கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்?

உள்ளே ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. மேலே பளபளவென்று இரண்டு குழாய்கள், அவை ஏறி இறங்க கீழே ஓர் உறை. உறையின் வாயில் ரப்பர் சீல், அதற்கடியில் எண்ணெயில் ஊறிய ஃபோம் வளையம், அடியில் சில மில்லி எண்ணெய். அவ்வளவுதான். ஃபோம் காய்ந்து மண்ணும் சேர்ந்துவிட்டால் அது உப்புத்தாள் மாதிரி குழாயின் மேல்பூச்சைத் தேய்க்க ஆரம்பிக்கும். பூச்சு போனால் போனதுதான். பெரும்பாலான ஃபோர்க்குகளில் அந்தக் குழாய்கள் தலைப்பகுதியோடு அழுத்திப் பொருத்தப்பட்டவை, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். பி.காம் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வருவாயினச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் முதலினச் செலவில் மாட்டிக்கொள்வது.

வேலை இதுதான். காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு காற்றை முழுக்க இறக்க வேண்டும். இதில் மட்டும் விளையாட்டு கூடாது. ரீபவுண்ட் திருகை உருவிவிட்டு, அடியில் உள்ள இரண்டு போல்ட்டையும் மூன்று நான்கு சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டினால் உள்தண்டு விடும். பிறகு போல்ட்டைக் கழற்றி உறையை உருவ வேண்டியது, துடைக்க வேண்டியது, ஃபோமை எண்ணெயில் ஊறவைக்க வேண்டியது. உறையைப் பாதி மாட்டி, அடித்துளை வழியாக சிரிஞ்சால் அளந்து எண்ணெய் விட்டு மூட வேண்டியது. எந்த எண்ணெய், எத்தனை மில்லி, போல்ட்டை எவ்வளவு இறுக்குவது எல்லாம் மாடல்வாரியாகக் கம்பெனி கையேட்டில் இருக்கிறது, இணையத்தில் இலவசம். கைக்கு வந்தபடி முறுக்கினால் மரை போய்விடும். அதனால் செலவு செய்வதானால் டார்க் ரெஞ்சுக்குச் செய்யலாம்.

அதே கையேட்டில் "தகுதியுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்" என்றும் போட்டிருக்கிறதே என்பார்கள். போடத்தான் செய்வார்கள். அப்புறம் எதற்குப் படம் போட்டு ஒவ்வொரு படியாக விளக்குகிறார்கள்?

இதற்கு நேர் எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு முதல் நாளே டேம்பரைப் பிரித்து மேயும் வீரர்கள். டேம்பர் வேறு ஜாதி. அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் எண்ணெய் நிரப்பத் தெரிய வேண்டும். பல மாடல்களில் 200 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அந்த வேலையே வரும். அதைத் தாராளமாகக் கடைக்குக் கொடுக்கலாம், கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து "ஃபோர்க் சர்வீஸ்" என்று ஒரே பெயர் வைத்ததில்தான் வந்தது வினை. பெரியதைக் காட்டிப் பயமுறுத்தியே சின்னதையும் செய்யவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

பி.கு: ஆரம்பிக்கும் முன் முன்சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றித் தள்ளி வைத்துவிடவும். டிஸ்க் பிரேக் பேடில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிமானம் போய், புது பேடுதான் வாங்க வேண்டியிருக்கும்.