இரத்தத்தில் வருமா வீரம்?

வருங்காலத்தைப் பற்றிய கதைகள் இரண்டு வகை. ஒரு வகையில் மனிதன் விண்மீன்களை எட்டுகிறான். நோயும் பசியும் நீங்குகின்றன. மற்றொரு வகையில் நீர் வற்றுகிறது, காற்று கெடுகிறது, இயந்திரங்கள் யாவும் ஒரு கொடுங்கோலனின் கைக்குப் போகின்றன, மக்கள் அடிமைகளாகின்றனர். இந்த இரண்டாம் வகைக் கதைகளில் வியப்பான ஒரு செய்தி உண்டு. பறக்கும் ஊர்திகளும் விந்தையான துப்பாக்கிகளும் நிறைந்த அந்த இருண்ட உலகில், எளியவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஒரு கோலோ, வில்லோ, வெறுங்கையோதான்! ஏன் அப்படி? கொடுங்கோலன் வீட்டைப் பறிக்கலாம்; உணவைப் பறிக்கலாம்; உடலில் ஊறிய பயிற்சியை மட்டும் அவனால் பறிக்க இயலாது.

இந்த உண்மையை நம் திரைப்படங்கள் பாதிதான் சொல்கின்றன என்பது என் கருத்து. சண்டையை விரிவாகக் காட்டுகின்றன, பயிற்சியை மறைத்துவிடுகின்றன.

2011ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய அப்படத்தில் பகைநாட்டு ஆள் ஒருவன் கொடிய நோய்க்கிருமியுடன் இந்தியாவுக்குள் நுழைகிறான். அவனை எதிர்க்க, காஞ்சிபுரத்திலிருந்து சீனம் சென்ற போதிதருமரின் வழித்தோன்றல் ஒருவனை மாணவி ஒருத்தி கண்டுபிடிக்கிறாள். அறிவியலின் துணையோடு அவனுடைய மரபணுவைத் தூண்டுகிறாள். உடனே முன்னோரின் போர்க்கலை முழுவதும் அவனிடம் விழித்துக்கொள்கிறது! திரையரங்கில் கைதட்டல் வானைப் பிளந்தது. நம் ஊர்ப் பெருமை பேசும் படம் என்பதால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் தோழியரே, சற்றுச் சிந்தியுங்கள். தாத்தா கணக்கில் புலி என்பதற்காகப் பேத்திக்கு வாய்ப்பாடு தானாக வந்துவிடுமா?

வரலாறு என்ன சொல்கிறது? போதிதருமர் எங்கே பிறந்தார் என்பதிலேயே பழைய சீன நூல்கள் வேறுபடுகின்றன. ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய மன்னரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சிபுரம் என்பது மரபுவழிச் செய்தி. அவர் ஷாவோலின் துறவியருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்ற கதையோ 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து பரவியது என்பது ஆய்வாளர் முடிவு. அப்படியானால் ஷாவோலின் புகழ் எப்படி வந்தது? தலைமுறை தலைமுறையாகத் துறவியர் நாள்தோறும் பயின்றதால் வந்தது. அதற்கு மரபணு வேண்டியதில்லை. விடியற்காலையில் எழும் மனம் வேண்டும்.

2024இல் வெளிவந்து தமிழிலும் ஓடிய ‘கல்கி 2898 ஏ.டி.’ இன்னொரு சான்று. அங்கே உலகம் பாலையாகிவிட்டது. காசி ஒன்றே எஞ்சிய நகரம். தாய்மை அடையக்கூடிய பெண்களைச் சிறைப்படுத்தி, கருவின் உயிர்ச்சத்தை உறிஞ்சுகிறது ஒரு கொடிய ஆட்சி. கருவுற்ற சுமதியைக் காக்க, சாவில்லாத அசுவத்தாமன் கோலேந்தி நிற்கிறான். அருமையான கற்பனை! ஆனால் அவனுடைய ஆற்றல் பழைய சாபத்தோடு சேர்ந்து வந்தது. நம்மில் யாரும் அதைப் பெற இயலாது. படத்தில் போரிடும் பெண்கள் சிலரும் உண்டு என்பது உண்மையே. எனினும் கதையின் நடுவே நிற்கும் பெண் பிறரால் காக்கப்படுபவளாகவே இருக்கிறாள். இவ்வாறு ஒரு படம் வீரத்தை இரத்தத்தில் வைக்கிறது. மற்றொன்று சாபத்தில் வைக்கிறது. பார்க்கும் சிறுமிக்கோ, யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதே பாடமாகிறது.

இவற்றுக்கு மாறாக, அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்னும் நாவலைச் சொல்வேன். அதுவும் இருண்ட உலகம்தான். 24 பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதை ஊரெல்லாம் பார்க்கச் செய்கிறது அரசு. கதாநாயகி காட்னிஸ் சுரங்கத் தொழிலாளியின் மகள். தந்தை சுரங்க வெடிப்பில் இறந்தபின், தாயும் தங்கையும் பட்டினி கிடக்காதபடி வேட்டையாடியதால் அவள் வில்லில் தேர்ந்தாள். அவளுடைய திறமை பசியும் பொறுப்பும் கற்றுத்தந்தது. அக்கதையில் நெஞ்சைத் தொடும் இடங்கள் அவள் அம்பு எய்த இடங்கள் அல்ல. தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வந்த இடமும், இறந்த சிறுமியின் உடலை மலர்களால் மூடிய இடமுமே.

உண்மையான போர்க்கலையும் இப்படித்தான். நம் சிலம்பத்தைப் பாருங்கள். ஏறக்குறைய நம் நெற்றி உயரமுள்ள ஒரு மூங்கில் கோல், அவ்வளவுதான் கருவி. ஆசான் முதலில் அடிக்கக் கற்பிப்பதில்லை. வணக்கம் செய்யவும், நிற்கவும், காலடி எடுத்து வைக்கவும் கற்பிக்கிறார். கோல் சுழற்றும் முன் பாதங்கள் பேச வேண்டும். தடுக்கத் தெரிந்த பின்னரே வீசத் தெரிய வேண்டும். கேரளத்தின் வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரி பயிலத் தொடங்கினார். எழுபது வயதைக் கடந்த பின்னும் வாளும் கேடயமும் ஏந்தி மாணவர்களைப் பயிற்றுவித்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மரபணு ஊசி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. சிலம்பமும் இன்று திருவிழாக் கூத்தோடு நிற்கவில்லை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

“பெண் பிள்ளைக்குக் கம்பு எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். “மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே ஆண்டவர்!” என்று அருட்சகோதரியர் நினைவூட்டலாம். இரண்டும் மதிக்கத்தக்க கேள்விகளே. தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. அறைந்தவனிடமே காரணம் கேட்டார். அடிக்காமல் இருப்பதற்கும் அஞ்சி ஒடுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அடிக்கும் வலிமை இருந்தும் கையை அடக்குவது பொறுமை. வலிமையே இல்லாமல் அடங்கிக் கிடப்பதைப் பொறுமை என்று எப்படிச் சொல்வது?

“இயந்திர யுகத்தில் கோல் என்ன செய்துவிடும்?” என்பது மூன்றாவது கேள்வி. புகைபோக்கிகளின் நிழலில் வாழும் நமக்கு இது கற்பனைக் கேள்வி அன்று. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். வாயுவைக் கோலால் அடிக்க முடியாதுதான். அமோனியா நீரில் எளிதில் கரையும்; ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலக வேண்டும் என்பது வேதியியல் பாடம். ஆனால் அந்தப் பாடம் நள்ளிரவில் நினைவுக்கு வர வேண்டுமே! பதறாத மனமும், சீரான மூச்சும், பாட்டியின் கையைப் பிடித்து நடத்தும் உறுதியும் வேண்டுமே! அவற்றைப் பழக்கித் தருவது பயிற்சிக்களம். அறிவும் உடலும் கைகோக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே நம் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம் சிலம்பத்திற்கு ஒதுக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன். விளையாட்டு விழாவில் பரிசு பெறும் பத்துப் பேருக்கு மட்டும் அன்று. நோஞ்சான் என்று ஒதுங்கி நிற்கும் தோழிக்கும், கண்ணாடி அணிந்த தோழிக்கும், சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வரும் அம்மாவுக்காக வாசலில் காத்திருக்கும் தோழிக்கும் சேர்த்தே. திரைக்கதைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவனைக் காட்டுகின்றன. பயிற்சிக்களமோ வருகின்ற எல்லாரையும் ஏற்கிறது.

தோழியரே! அந்தப் படங்களைப் பாருங்கள், மகிழுங்கள். பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீரனை இப்படி ஆக்கியது எது? இரத்தம் என்று படம் சொன்னால் சிரித்துக்கொண்டு எழுந்து வாருங்கள். மைதானத்தில் மூங்கில் கோல் காத்திருக்கட்டும்.