கண்டுபிடிப்பும் தொண்டும்

அறிஞரைப் போற்றுதல் அறிவைப் போற்றுதலேயாம். ஆயினும், எவரை எதன்பொருட்டுப் போற்றுகின்றோம் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். புதியதொன்றைக் கண்டவருக்கு மாலை சூட்டும் உலகம், பிறர் காண்பதற்கு வழி சமைத்தவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. பளிங்குகளின் உள்ளமைப்பை ஆராயும் பளிங்கியலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பளிங்கொன்றினூடு எக்ஸ்கதிர்களைச் செலுத்தினால், அதன் அணுக்களின் ஒழுங்கு காரணமாக அவை கோணலுற்று ஒளிப்படத் தகட்டிற் புள்ளிக்கோலம் இடும் என்று 1912ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் லாவே கருதினார். எவால்டு என்னும் இளைஞருடன் உரையாடியபோது உதித்த எண்ணம் அது. பரிசோதனையைக் கைப்படச் செய்தோர் பிரீட்றிக், நிப்பிங் என்னும் இருவர். 1914ஆம் ஆண்டின் நோபெல் பரிசோ லாவே ஒருவருக்கே கிடைத்தது. அவர் அதற்குத் தகுதியுடையவரே. ஆனாற் பரிசின் ஒளி படாத இடத்திலும் உழைப்பு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

தொண்டு எவர்க்கும் எளிது, கண்டுபிடிப்போ சிலர்க்கே கைகூடுவது என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929இல் நிறுவிய கதலீன் லொன்ஸ்டேல் அம்மையாரே, 230 வகைச் சமச்சீர்க் கூட்டங்களுக்குமுரிய சூத்திரங்களை 1936இல் தம் கையால் எழுதித் தொகுத்தளித்தார். அத்தொகுப்பினால் எத்தனையோ ஆராய்ச்சியாளரின் உழைப்பு மிச்சமாயிற்று. ஒல்கா கென்னாட் அம்மையார் 1965இற் கேம்பிறிட்ஜிலே தொடக்கிய பளிங்கமைப்புத் தரவுத் தொகுதி, 2019இற் பத்து இலட்சம் அமைப்புகளைத் தாண்டியது. அதனைத் துணைக்கொண்டு மருந்தாராய்வோர் பலர். இவை அறிவும் பொறுமையும் ஒருங்கே வேண்டிய பணிகளல்லவா?

போற்றுதல் காலத்தாற் செய்யப்படுதலும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலே கோபிநாத் கர்த்தாவுடன் கூடி, தோலுக்கும் தசைநாணுக்கும் வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை ஜி. என். இராமச்சந்திரன் வெளியிட்டது 1954இல். சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் எவால்டின் பெயரால் வழங்கும் பரிசை அவர் பெற்றது 1999இல். இடையிற் கழிந்தவை நாற்பத்தைந்து ஆண்டுகள். 2001இல் அவர் மறைந்தார். அந்திப்பொழுதில் வரும் மாலைக்கும் மணமுண்டு. ஆயின் உழைக்கும் பொழுதில் அது தரும் ஊக்கம் பெரிது.

இவ்வுண்மை கல்லூரிகளுக்கும் பொருந்தும். பரிசளிப்பு விழாக்களிலே முதன்மையாகத் தேறிய மாணவரை அழைத்து வாழ்த்துகின்றோம், அது முறையே. ஆய்வுகூடத்தை ஒழுங்குற வைத்திருப்பவரும், நூல்நிலைய அட்டவணையை ஆக்குபவரும், பின்தங்கிய தோழனுக்கு மாலைதோறும் கணிதம் சொல்லிக்கொடுக்கும் மாணவனும் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. பழைய மாணவராகிய நாம் நிறுவும் பரிசுகளுள் ஒன்றேனும் தொண்டுக்கென அமைதல் வேண்டும். அதன் பெறுமதி முதற்பரிசினின்றும் குறைதலாகாது. கோபுரத்தின் கலசத்தை வணங்குவோர் அதனைத் தாங்கும் அத்திவாரத்தையும் நினைத்தல் கடனாகும்.