தணலுக்கு முதல் மேய்ச்சல்தரை

கல்குடாக் கடற்கரையில் கூடினால் நாங்களும் பார்பிகியூ போடுறம். ஆர்ஜென்டினா அசாடோ, பிரேசில் பிக்கான்யா என்று வாய் ஓயாது. மசாலா வேண்டாம், உப்பும் தணலும் போதும் என்று பாடம் வேற.

சரி, அந்த ருசி எங்கிருந்து வந்தது? பம்பாஸ் புல்வெளியில் மாடு மேய்த்த கௌச்சோக்களிடமிருந்து. அசாடோவின் விலாவும் பிக்கான்யாவின் பின்பக்கக் கொழுப்பும் புல்லில் விளைந்தவை.

இங்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரை பறிபோகுது என்று 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். எங்களில் எத்தனை பேர் போய் இருந்தம்?

கௌச்சோ என்றால் வீரன், எங்கட பட்டிக்காரர் என்றால் பட்டிக்காடா? புல் இல்லாட்டி மாடு இல்லை. மாடு இல்லாட்டி அசாடோவும் இல்லை, தயிரும் இல்லை. அடுத்தமுறை தணல் மூட்ட முதல், பட்டிக்காரரின் பக்கம் போய் நிற்பம்.