நட்சத்திரங்களும் தண்ணீர் சுமப்பவர்களும்



2026 பொங்கல் விடுமுறையில் விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பங்குகளின் இளையோருக்காக ஒரு கால்பந்துப் போட்டி நடத்தினோம். எட்டு அணிகள் வந்தன. பள்ளி ஒன்றின் பின்புறத் திடல்தான் மைதானம். ஒரு பக்கம் சீமைக் கருவேல மரங்கள், மறுபக்கம் நெடுஞ்சாலையின் இரைச்சல். பாதிப் பையன்களின் முதுகில் மெஸ்ஸியின் 10, மீதிப் பேரின் முதுகில் ரொனால்டோவின் 7. வேறு எண் போட்டிருந்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இறுதி ஆட்டத்தில் எங்கள் பங்கு அணி ஒரு கோலில் தோற்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், வேகமே இல்லாமல் உருண்டு வந்த பந்து எங்கள் கோல்கீப்பரின் கைக்கும் காலுக்கும் நடுவே நழுவி உள்ளே போய்விட்டது. அதற்கு முன்பு எங்கள் ஃபார்வர்டு பையன் காலியாகக் கிடந்த கோலுக்குள் அடிக்க வேண்டிய பந்தை இரண்டு முறை வெளியே அடித்திருந்தான். அவனைப் பற்றி எல்லோரும் சொன்னது, "பாவம், இன்றைக்கு அவனுக்கு ராசி இல்லை" என்பதுதான். கோல்கீப்பரின் படமோ அன்று மாலைக்குள் கேலிச் சித்திரமாகி இளையோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அவன் திண்டிவனம் புறவழிச்சாலையில் ஒரு பஞ்சர் கடையில் வேலை செய்கிற பையன். அன்றிரவே குழுவிலிருந்து வெளியேறினான். அடுத்த மூன்று ஞாயிறும் திருப்பலிக்கு வரவில்லை.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பந்து உள்ளே போன அந்த நொடியில், பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நானும், "இதைக்கூடப் பிடிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

ஒரே ஆட்டம், ஒரே அணி. ஒருவனுடைய தவறு துரதிர்ஷ்டம், மற்றவனுடைய தவறு குற்றம். ஏன் இப்படி? நம் ஊர்ப் பையன்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். உலகமே இந்த இரட்டைத் தராசைத்தான் கையில் வைத்திருக்கிறது.

2016இல் கோப்பா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா சிலியிடம் பெனால்டியில் தோற்றது. அன்று அர்ஜென்டினாவுக்காகத் தவறவிட்டவர்கள் இருவர். ஒருவர் மெஸ்ஸி, பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். இன்னொருவர் நடுக்கள வீரர் லூகாஸ் பிக்லியா. இனி நாட்டுக்காக ஆடமாட்டேன் என்று மெஸ்ஸி சொன்னதும், போகாதே என்று ஒரு நாடே கெஞ்சியது. சில நாட்களுக்குள் புவெனஸ் ஐரிஸ் நகரில் அவருக்குச் சிலையும் திறந்தார்கள். பிக்லியாவின் பெயரை இன்று நம் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸி அதற்கு முன்பு தன் சொந்த நாட்டிலேயே எவ்வளவோ ஏச்சு வாங்கியவர் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தின் மேலும் கல் விழத்தான் செய்கிறது. ஆனால் நட்சத்திரத்தின் தவறு கதையின் நடுவில் வரும் ஒரு திருப்பம். மீண்டு வருவார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். சாதாரண ஆட்டக்காரனின் தவறோடு அவன் கதையே முடித்து வைக்கப்படுகிறது.

அப்படி முடித்து வைக்கப்பட்டவர்களில் ஒருவர் பிரேசிலின் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உருகுவே 2-1 என்று வென்றபோது, இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறினார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அவரோடு சேர்த்துக் குறை சொல்லப்பட்ட தற்காப்பு வீரர்கள் பிகோடே, ஜுவெனல் ஆகியோரும் அவரைப் போலவே கறுப்பினத்தவர்கள். கொலை செய்தவனுக்கே தன் நாட்டில் முப்பது ஆண்டுதான் தண்டனை, தனக்கோ ஐம்பது ஆண்டு என்ற பொருளில் பார்போசா முதுமையில் வருந்திச் சொன்னார். 2000இல் இறந்தார். கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபாருக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகச் சேம் சைடு கோல் போட்ட அந்தத் தற்காப்பு வீரர், பத்து நாட்களில் தன் சொந்த ஊரான மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

பார்போசாவின் கதையைப் படிக்கும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இல்லை. யார் முன்னால் ஓடுவது, யார் கோலில் நிற்பது என்பதை நம்மிடையே சில நேரங்களில் ஆட்டத்திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தத் தெருப் பையன், காலில் ஷூ இருக்கிறதா, வேலைக்குப் போகிறவனா கல்லூரிக்குப் போகிறவனா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இதை விரித்து எழுதத் தேவையில்லை. இப்பகுதிக் கத்தோலிக்கர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரட்டைத் தராசுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோல் அடிப்பது என்பது நடக்கிற ஒன்று; அதைப் பார்க்க முடியும், மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கலாம். கோல்கீப்பரும் தற்காப்பு வீரரும் செய்கிற நல்ல வேலையோ, ஏதோ ஒன்று நடக்காமல் போவது. நடக்காமல் போனதை யார் படம் எடுப்பார்கள்? விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசை ரயில் பாதைகள் கூடுகின்றன. சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று இரவு பகலாக வண்டிகள் பிரிந்து போகின்றன. தண்டவாளம் பார்ப்பவரையும் பாயின்ட்ஸ்மேனையும் நாம் எப்போது நினைக்கிறோம்? வண்டி தடம் புரண்டால்தான். ஒழுங்காக ஓடிய வண்டிக்காக அவருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

2022 டிசம்பர் 18, திருவருகைக்கால நான்காம் ஞாயிறு. அன்றிரவு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பங்கு மண்டபத்தில் திரை கட்டி இளையோரோடு சேர்ந்து பார்த்தேன். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், 3-3 என்றிருந்தபோது, பிரான்சின் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்தக் கால் அங்கே இல்லையென்றால் மெஸ்ஸியின் கையில் கோப்பை இல்லை. அன்றைய ஆட்டத்தில் என்னைக் கவர்ந்தவர் கோன்சாலோ மோன்டியேல் என்ற மாற்று ஆட்டக்காரர். அவர் கையில் பந்து பட்டதால்தான் பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்து 118ஆம் நிமிடத்தில் ஆட்டம் சமமானது. பெனால்டி வரிசையில் வெற்றிக்கான கடைசி அடியை அடித்ததும் அவரேதான். அது மட்டும் வெளியே போயிருந்தால் பார்போசாவின் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும். அதே தொடரில் போலந்துக்கு எதிராக மெஸ்ஸியும் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். யாருக்கு நினைவிருக்கிறது? பிரான்ஸ் தரப்பில் பெனால்டியைத் தவறவிட்ட கோமானும் சுவாமெனியும் அன்றிரவே இணையத்தில் நிறவெறி வசைக்கு ஆளானார்கள்.

ரசிகர்கள்தான் இப்படி என்றால், விவரம் தெரிந்தவர்களும் இப்படித்தான். 2003இல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கியது. நட்சத்திரங்களைவிட மிகக் குறைந்த சம்பளம் பெற்றுவந்த கிளாட் மகலேலே சம்பள உயர்வு கேட்டபோது மறுத்து, செல்சிக்கு விற்றுவிட்டது. பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதைத் தவிர அவருக்கு என்ன தெரியும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். அடுத்த மூன்று பருவங்களில் ரியலுக்கு லீக் பட்டம் இல்லை. செல்சியோ 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இங்கிலாந்து சாம்பியன். அவர் ஆடிய இடத்துக்கே இப்போது அவர் பெயரைச் சொல்கிறார்கள். விற்ற பிறகுதான் விலை தெரிந்தது!

பிரான்சின் திதியே தெஷாம்ப் இதே போன்ற ஆட்டக்காரர். அவரை 1996இல் எரிக் கன்டோனா 'தண்ணீர் சுமப்பவர்' என்று ஏளனம் செய்தார். அந்தத் தண்ணீர் சுமப்பவர் 1998இல் அணித்தலைவராகவும், 2018இல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். அந்த ஏளனச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கானாவூர்த் திருமணம் நினைவுக்கு வருகிறது. ஆறு கற்சாடிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு லிட்டர் கொள்ளும் என்று விவிலிய அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். நம் வீட்டுக் குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் நாற்பது குடம். கோடையில் தெருக்குழாயிலிருந்து நாற்பது குடம் சுமந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று நம் பெண்களைக் கேளுங்கள். பந்தி மேற்பார்வையாளர் பாராட்டியதோ மணமகனை. இரசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளர்களுக்குத் தெரியும் என்று யோவான் மறக்காமல் குறித்து வைக்கிறார்.

கொரிந்து நகரத் திருச்சபையிலும் ரசிகர் மன்றங்கள் இருந்தன. நான் பவுல் பக்கம், நான் அப்பொல்லோ பக்கம், நான் கேபா பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். பவுல் தனக்கென்று இருந்த மன்றத்தைத் தானே கலைக்கிறார். ஒருவர் நட்டவர், ஒருவர் நீர் பாய்ச்சியவர், விளையச் செய்தவர் கடவுள் என்கிறார். அதே திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில், உடலில் வலுவற்றதாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார். இந்த வாசகத்தை வைத்து நான் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால் திருவிழா நன்றியுரையில் கொடிமரத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்து வாசிக்கிற நான், பந்தலின் கீழ் விடியற்காலை நான்கு மணிக்குப் பெருக்கிய பெண்களை, "மற்றும் அனைவருக்கும்" என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறேன்.

நாட்டு அளவிலும் இதைக் கண்டோம். 2025 டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வந்த ரசிகர்களுக்கு, முக்கியப் பிரமுகர்களின் கூட்டத்துக்கு நடுவே அவர் முகம்கூடத் தெரியவில்லை. விரைவிலேயே அவர் கிளம்பிவிட, நாற்காலிகள் பறந்தன, அரங்கம் சூறையாடப்பட்டது. ரசிகர்களின் ஏமாற்றத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே மாதங்களில் இந்தியன் சூப்பர் லீக் போட்டி, நடத்துவதற்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் தொடங்காமலே கிடந்தது. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. நம் நாட்டு வீரர்கள் ஆட வேண்டும் என்று வெளிப்படையாகக் கெஞ்சினார்கள். 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்ற அறிவிப்பு ஜனவரியில்தான் வந்தது. அவர்களுக்காக எந்த ஊரிலும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். விழுப்புரத்திலிருந்து கடலூர் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். அந்த ஊர் மகள் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக ஆடியவர். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023இல் அமிர்தசரசில் அரியானாவையும் வென்று இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆனார்கள். எங்கள் பகுதி முடிதிருத்தகங்களில் மெஸ்ஸியின் படம் இல்லாத சுவர் அரிது. இந்தப் பெண்களில் ஒருவருடைய படத்தையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை அந்தப் பஞ்சர் கடைக்குப் போனேன். ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க ஃபாதர்" என்றான். அன்றைக்கு நான் கத்தியது தப்பு என்றேன். "பரவாயில்ல ஃபாதர்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அன்னைக்கி ஃபைனல்ல மட்டும் நான் எத்தன பந்த தடுத்தேன்னு தெரியுமா ஃபாதர்?"

எனக்குத் தெரியவில்லை. முழு ஆட்டத்தையும் பார்த்தவன்தான் நான்.

"ஏழு" என்றான்.

இப்போது மறுபடி திருப்பலிக்கு வருகிறான், பின்வரிசையில் நிற்கிறான். ஆனால் அடுத்த போட்டியில் கோலில் நிற்கமாட்டேன் என்கிறான். இளையோர் கூட்டத்தில் இதைச் சொல்லி, வேறு யார் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையுறை இன்னும் பங்கு அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது.